நான்கெல்லைக்குள் ஒரு ஈ

அப்பாவின் இரும்புப் பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருந்தது. மடிப்புகளில் இற்றுப்போன தாள், மங்கிய மை. ஒரு புஞ்சை நிலத்தை வாங்கியதற்கான பத்திரம் அது. படித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் வியப்பாக இருந்தது. அந்த நிலம் பார்க்க எப்படி இருக்கும் என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. செம்மண்ணா கரிசலா, நடுவில் நிற்கும் வேம்பு எவ்வளவு பெரிது, எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் அக்கம்பக்கம்தான். மேலத்தெருக்காரர் புஞ்சைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, ஓடைக்கு மேற்கு, கோயில் நிலத்துக்குத் தெற்கு. இந்த நான்கெல்லைக்குள்பட்ட இடம், இத்தனை ஏக்கர், இத்தனை சென்ட். எழுதியவர் போய்விட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களும் இல்லை. ஆனாலும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றால் 'இதுதான்' என்று காலடியைக் காட்டிவிடலாம்.

ஒரு புதிய சிற்றினத்துக்கு விவரணை எழுதும் உயிரியலாளர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். தானும் தன் காலத்தவரும் மறைந்த பிறகு, தன்னை அறியாத யாரோ ஒருவர் எந்த நாட்டிலோ உட்கார்ந்து, தன் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'இதுதான் அது' என்று சொல்லக்கூடியதாக அவர் எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்ட ஒரு பத்திரத்தின் கதையைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. எழுதப்பட்ட ஆண்டு 2012. எழுதியவர் பிரையன் பிரவுன், லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சியியலாளர். 'நிலத்தின்' நீளம் 0.4 மில்லிமீட்டர்.

கண்ணுக்கு எட்டாத ஈ

யூரிப்ளாட்டியா நானக்நிஹாலி என்பது அதன் பெயர். தாய்லாந்துக் காட்டு ஈ. 0.4 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று பார்க்க ஆய்வகம் போக வேண்டியதில்லை, சமையலறை போதும். கசகசாவில் ஒரு மணியை எடுத்து வெள்ளைத் தட்டில் வையுங்கள். அதன் குறுக்களவில் பாதிகூட இந்த ஈ தேறாது. தூள் உப்பின் ஒரு துகளோடு ஒப்பிடலாம். வீட்டு ஈ சுமார் 6 மில்லிமீட்டர் நீளம், அதாவது இதைப்போலப் பதினைந்து மடங்கு. நீளம் பதினைந்து மடங்கு என்றால் பருமன் பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கி மறுபடி பதினைந்தால் பெருக்கிய அளவு. ஒரு வீட்டு ஈயின் உடலைக் கரைத்து வார்த்தால் இந்த ஈக்களை மூவாயிரத்துக்கும் மேலாகச் செய்துவிடலாம்.

அந்தத் துகளுக்குள் எல்லாம் இருக்கிறது. இரண்டு கூட்டுக்கண்கள், உணர்கொம்புகள், ஆறு கால்கள், பறக்கும் தசை, செரிக்கும் குடல், முட்டை, முட்டையிடும் கருவி. இந்த அளவில் உடல் எப்படி இயங்குகிறது என்பதே ஒரு தனி ஆராய்ச்சி. மெகாஃப்ராக்மா என்ற 0.2 மில்லிமீட்டர் குளவியின் நரம்புமண்டலத்தை ரஷ்ய ஆய்வாளர் அலெக்ஸி பொலிலோவ் ஆராய்ந்து 2012ல் வெளியிட்டார். அதில் இருந்தவை சுமார் 7,400 நரம்பணுக்கள். வீட்டு ஈக்கு மூன்று லட்சத்துக்கும் மேல். அந்த 7,400லும் பெரும்பாலானவை வளர்ச்சி முடியும் தறுவாயில் தங்கள் உட்கருவையே இழந்துவிடுகின்றன. இடம் பற்றாத வீட்டில் கட்டிலைக் கழற்றி வெளியே வைப்பதுபோல, உயிரணுவின் உட்கருவையே வெளியேற்றிவிட்டு அந்தக் குளவி பறக்கிறது, இரை தேடுகிறது, இணை சேர்கிறது. சிறிய உயிர் என்றால் எளிய உயிர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கூடாரத்தின் மூலையில் ஒரு ஓட்டை

இவ்வளவு சிறிய ஈயைக் காட்டில் யாரும் பார்த்துப் பிடிப்பதில்லை. காட்டிலிருந்து ஆய்வகத்துக்கு அது வந்து சேர்ந்த வழிக்குப் பின்னால் ஒரு சுவீடன்காரர் இருக்கிறார்.

ரெனே மலேஸ் என்ற பூச்சியியலாளர் நாடு நாடாகக் கூடாரமடித்துப் பூச்சி சேகரித்தவர். தன் கூடாரத்துக்குள் நுழையும் பூச்சிகள் வந்த வழியே திரும்பிப் போகாமல் மேலே மேலே ஏறி உச்சி மூலையில் திரள்வதை அவர் கவனித்தார். அந்த மூலையில் ஒரு ஓட்டை இருந்தால் அதன் வழியே வெளியேறிவிடும். 'அந்த ஓட்டையில் ஒரு புட்டியை மாட்டினால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. 1934ல் பர்மாப் பயணத்தில் அந்த யோசனையைச் செய்து பார்த்தார். 1937ல் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் மலேஸ் வலை என்று அழைக்கப்படுவது அதுதான். நடுவில் ஒரு வலைத்திரை, மேலே சரிவான கூரை, கூரையின் உயர்ந்த முனையில் ஆல்கஹால் ஊற்றிய ஒரு புட்டி. தாழப் பறந்து வரும் பூச்சி திரையில் மோதும், வெளிச்சத்தை நோக்கி மேலேறும், கூரையோடு ஊர்ந்து முனைக்கு வரும், புட்டிக்குள் விழும். இரையில்லை, விளக்கில்லை, ஆள் காவலில்லை. இரவும் பகலும் வேலை செய்யும்.

தாய்லாந்தின் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் இப்படி வலைகள் கட்டப்பட்டன. அவற்றில் ஒன்று கெங் கிராச்சன். மியன்மார் எல்லையை ஒட்டிய மலைக்காடு, அந்நாட்டின் மிகப்பெரிய தேசியப் பூங்கா. மலேஸ் பர்மாவில் பரிசோதித்த பொறி, அதே பர்மாவின் எல்லைக்கு அந்தப் பக்கம் இந்த ஈயைப் பிடித்துக் கொடுத்தது.

வாரக்கணக்கில் வலையில் மாட்டியிருந்த புட்டியைத் திறந்தால் அடிப்பதெல்லாம் சாராய நெடி. உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பு. கலங்கிய ஆல்கஹாலில் அந்துப்பூச்சிகளின் செதில்கள் மிதக்கும். சிக்கு விழுந்த நூலைப்போலக் கால்களும் கொம்புகளும் பின்னிக் கிடக்கும். இதைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத் தட்டில் ஊற்றி நுண்ணோக்கியின் கீழே வைத்தால் குழம்பு கலைந்து உருவங்களாகும். வண்டு ஒரு பக்கம், குளவி ஒரு பக்கம், தத்துப்பூச்சி ஒரு பக்கம் என்று இடுக்கியால் பிரிக்க வேண்டும். பெரியவை முதலில் போகும். கடைசியில் தட்டின் அடியில் தூசுபோல ஏதோ தங்கும். அவசரக்காரர் அதைக் கொட்டிவிடுவார். பிரவுனைப் போன்றவர்கள் அந்தத் தூசுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

ஃபோரிட் குடும்பம்

தூசில் கிடந்தது ஃபோரிட் குடும்பத்தைச் சேர்ந்த ஈ. இந்தக் குடும்பத்தில் ஒருவரையாவது நீங்கள் நிச்சயம் சந்தித்திருப்பீர்கள். அழுகத் தொடங்கிய வெங்காயத்தையோ வாழைப்பழத்தையோ நகர்த்தும்போது, பறக்காமல் விலுக் விலுக்கென்று நின்று நின்று ஓடும் ஒரு பழுப்பு ஈயைக் கவனித்ததுண்டா? வெப்ப நாடுகள் எங்கும் மனிதனோடு பரவியிருக்கும் மெகசீலியா ஸ்கேலாரிஸ் அப்படித்தான் ஓடும். 1866ல் பெயர் பெற்றது. இதன் புழு பழம் தின்னும், பிணம் தின்னும், புண்ணில் வளரும். ஷூ பாலிஷிலும் பெயின்டிலும்கூட வளர்ந்ததாகப் பதிவு உண்டு.

ஓட்டத்தால் மட்டுமல்லாமல் உருவத்தாலும் இந்தக் குடும்பத்தை அடையாளம் காணலாம். முதுகு கூன் விழுந்திருக்கும். பின்கால் தொடை தட்டையாக, தடித்து இருக்கும். இறக்கையில் தடித்த நரம்புகள் எல்லாம் முன்விளிம்பை ஒட்டி நெருங்கிக் கிடக்க, மற்ற இடம் முழுவதும் மெல்லிய கோடுகள் சில மட்டும் சாய்வாக ஓடும். ஒரே ஒரு இறக்கை கிடைத்தாலும் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். ஃபோரிட்களில் பெயரிடப்பட்டவை 4,000க்கும் மேல். குடும்பம் தெரிந்துவிட்டது என்பது, நிலம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதைப் போன்றது. சர்வே எண்ணுக்குப் போக இன்னும் வெகுதூரம்.

அந்தத் தூரத்தைக் கடக்க முதலில் உடலைத் தயார் செய்ய வேண்டும். இந்த வேலையின் நுணுக்கத்தைத் தெரிந்துகொண்டால்தான் ஒரு பெயருக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு புரியும். இவ்வளவு சிறிய ஈயை ஊசியில் குத்தி வைக்க முடியாது, ஊசியே அதைவிடப் பருமன். ஆகவே கண்ணாடித் தகட்டில் ஏற்றுவார்கள். நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறப்போட்டால் உள்ளிருக்கும் தசையும் கொழுப்பும் கரைந்து, உடலின் மேலோடு மட்டும் கண்ணாடிபோல மிஞ்சும். பிறகு காரத்தைக் கழுவி, ஆல்கஹாலில் நீரை நீக்கி, கிராம்பு எண்ணெய்க்கு மாற்றுவார்கள். நம் வீடுகளில் பல்வலிக்குத் தடவும் அதே எண்ணெய்தான். அதில் மேலோடு தெளிந்து ஒளி ஊடுருவும். கடைசியில் கனடா பால்சம் என்ற மரப்பிசினில் ஒரு துளி. அதில் ஈயை இறக்கி, கால்களைப் பரப்பி, மேலே மெல்லிய கண்ணாடியை மூட வேண்டும்.

மூடும் அந்த நொடியில் மூச்சை வேகமாக விட்டாலும் போதும், இறக்கை மடங்கிவிடும். கண்ணாடி ஒரு முடியளவு சாய்ந்தால் உடல் உருண்டு, பார்க்க வேண்டிய பக்கம் அடியில் போய்விடும். பிசின் இறுகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. உலகத்திலேயே ஒரே ஒரு உடல்தான் கையில் இருக்கிறது என்றால் அந்த நொடியின் கனம் எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

பக்கத்து நிலம் யாருடையது

தகடு தயார். ஈ தெளிவாகத் தெரிகிறது. இது புதியதா?

ஈயைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஒரு நிலத்தின் நடுவில் எவ்வளவு நேரம் நின்றாலும் அது எங்கே முடிகிறது என்று தெரியாதல்லவா? பக்கத்து நிலம் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். ஆகவே ஆய்வாளர் இந்த ஈயை விட்டுவிட்டு மற்ற ஈக்களைத் தேடிப் போகிறார். அதற்குப் பழைய கட்டுரைகளைப் புரட்ட வேண்டும். ஜெர்மன், லத்தீன், பிரெஞ்சு என்று பல மொழிகளில், பல நாட்டு இதழ்களில் அவை சிதறிக் கிடக்கும். வரைபடங்களை ஒப்பிட வேண்டும். வேறு அருங்காட்சியகங்களில் இருக்கும் மாதிரிகளைக் கடன் வாங்கிப் பார்க்க வேண்டும். புதிய இனம் காட்டில் பிடிபடும், ஆனால் அது புதியது என்ற செய்தி நூலகத்திலும் மாதிரிப் பெட்டிகளிலும்தான் பிறக்கும். பிடிபட்ட நாளுக்கும் பெயர் பெறும் நாளுக்கும் இடையே ஆண்டுகள் ஓடிவிடுவது வழக்கம்.

இந்த ஈயின் பக்கத்து நிலம் ஆப்பிரிக்காவில் இருந்தது. ஹெர்மன் ஷ்மிட்ஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் ஃபோரிட் ஈக்களுக்காகவே வாழ்ந்த ஆய்வாளர். எக்குவடோரியல் கினியிலிருந்து வந்த ஒரு ஈக்கு 1941ல் அவர் யூரிப்ளாட்டியா ஐட்மனி என்று பெயரிட்டிருந்தார். யூரிப்ளாட்டியா என்ற பேரினத்தில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது ஒன்றுதான் இருந்தது. தாய்லாந்து ஈ அந்தப் பேரினத்துக்குள் பொருந்தியது, ஆனால் ஐட்மனியாக இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பெருங்கடலும் இந்தியத் துணைக்கண்டமும். இருந்தும் இதன் எல்லையைச் சொல்ல அந்த 1941ஆம் ஆண்டுக் கட்டுரையும், ஷ்மிட்ஸ் பாதுகாத்து வைத்த உடல்களும் தேவைப்பட்டன. அன்று அவர் கவனக்குறைவாக எழுதியிருந்தால் பிரவுனின் பத்திரத்துக்குப் பக்கத்து எல்லையே இருந்திருக்காது.

அதன் பிறகுதான் எழுத்து. விவரணைக் கட்டுரையில் இரண்டு பகுதிகள் தவறாமல் இருக்கும். ஒன்று வேறுபாட்டுக் குறிப்பு. தெரிந்த உறவினங்களிலிருந்து இது எந்தெந்த இடத்தில் பிரிகிறது என்று சில வரிகளில் சொல்வது. பத்திரத்தின் நான்கெல்லை இதுதான். மற்றொன்று முழு விவரணை. நம் புலவர்கள் பாட்டுடைத் தலைவியைக் கேசாதிபாதமாகப் பாடியதைப்போல, தலையில் தொடங்கி உணர்கொம்பு, வாயுறுப்பு, மார்பு, கால், இறக்கை, வயிறு, கடைசியில் இனப்பெருக்க உறுப்பு என்று ஒன்றைக்கூடத் தாண்டாமல் போக வேண்டும். நிறம் எங்கே மாறுகிறது, மயிர்கள் எத்தனை, எந்த நரம்பு எதைவிட நீளம் என்பதையெல்லாம் உவமை இல்லாமல், வியப்புக் குறி இல்லாமல் எழுத வேண்டும். படிக்க வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வறட்சிக்குப் பின்னால் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. இன்று முக்கியமில்லை என்று தோன்றும் ஒரு மயிரின் இருப்பிடம், நூறு ஆண்டு கழித்து வரும் ஒருவருக்கு எல்லைக்கோடாக அமையலாம். அவருக்காக இவர் எண்ணி எழுதி வைக்கிறார்.

எல்லைக்கல்

சொற்கள் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் சந்தேகம் வரும். அப்போது போய்ப் பார்க்க ஒரு கல் வேண்டும். வகைப்பாட்டியலில் அந்தக் கல்லின் பெயர் ஹோலோடைப், மூல மாதிரி என்று சொல்லலாம். விவரிக்கும்போது ஒரே ஒரு உடலைத் தேர்ந்து, 'இந்தப் பெயர் இந்த உடலுக்கு உரியது' என்று அறிவிக்க வேண்டும். பல்லாயிரம் உடல்கள் பின்னால் கிடைக்கலாம், கருத்துகள் மாறலாம். பெயர் மட்டும் அந்த ஒரு உடலைவிட்டு நகராது.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு கணக்குத் தொடங்கும் நாள் 1758 ஜனவரி 1. லின்னேயஸின் சிஸ்டமா நேச்சுரே நூலின் பத்தாம் பதிப்பு வெளிவந்த ஆண்டு அது. அந்த நாளுக்கு முந்தைய பெயர் செல்லாது. அதற்குப் பிறகு ஒரே இனத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்துவிட்டால், பொதுவாக முதலில் வந்ததுதான் செல்லும். ஒரே நிலத்துக்கு இரண்டு பத்திரம் இருந்தால் முந்தியது வெல்வதைப் போலத்தான். வெங்காயக் கூடையில் ஓடும் மெகசீலியா ஸ்கேலாரிஸுக்கே இப்படிப் பலர் பல நாடுகளில் வைத்துத் தோற்ற பெயர்கள் உண்டு. 1930க்குப் பிறகு வெளியாகும் பெயரோடு, இது மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற விளக்கமும் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து மூல மாதிரி எது, எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

மூல மாதிரியோடு ஒரு சீட்டு இருக்கும். நகத்தளவு தாளில் பொடி எழுத்தில் நாடு, மாவட்டம், காடு, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, எடுத்தவர், பிடித்த முறை. அந்தச் சீட்டு தொலைந்தால் எவ்வளவு அழகாக ஏற்றிய தகடும் பயனற்றுப்போகும். ஊர் பெயர் இல்லாத பத்திரத்தை வைத்து என்ன செய்ய முடியும்?

சின்ன எறும்புக்குச் சின்ன எமன்

எல்லை வரைந்தாயிற்று. இந்த நிலத்தில் என்ன விளைகிறது?

ஃபோரிட் ஈக்களில் ஒரு கூட்டம் எறும்பின் தலையைக் கொய்பவை. நன்றாக ஆராயப்பட்டவை தென் அமெரிக்காவின் சூடாக்டியான் பேரின ஈக்கள். பெண் ஈ எறும்பின் மேலே மிதந்து நின்று, கண் மூடித் திறப்பதற்குள் பாய்ந்து, எறும்பின் உடலுக்குள் ஒரு முட்டையைச் செலுத்திவிட்டு விலகும். முட்டையிலிருந்து வரும் புழு எறும்பின் தலைக்குள் போய்க் குடியேறும். எறும்பு வழக்கம்போல நடமாடிக்கொண்டிருக்கும். காலம் வந்ததும் தலையையும் உடலையும் இணைக்கும் சவ்வு கரைகிறது. தலை கழன்று விழுகிறது. உள்ளே இருப்பதைத் தின்று தீர்த்த புழு, அந்த வெற்றுத் தலைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, பிறகு ஈயாக வெளியே பறக்கிறது. கேட்கக் கொடூரம். ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து வந்து அமெரிக்காவின் தென் மாநிலங்களை ஆக்கிரமித்த நெருப்பு எறும்புக்கு எதிராக, 1990களில் இந்த ஈக்களைத்தான் கொண்டுவந்து விட்டார்கள். ஒவ்வொரு ஈயும் குறிப்பிட்ட எறும்பைத்தான் தாக்கும், அதிலும் குறிப்பிட்ட பருமன் உள்ளதை. எந்த ஈ எது என்று பெயர் தெரியாமல் இந்த வேலையில் ஓரடி வைக்க முடியாது.

ஆப்பிரிக்க ஐட்மனி, கிரிமட்டோகாஸ்டர் பேரின எறும்புகளின் எதிரி. மிரட்டினால் இதய வடிவ வயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிக்காட்டும் எறும்புகள் அவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரக்கிளையில் தலைப்பா கட்டியதுபோலத் தொங்கும் கரும்பழுப்புக் கூடுகளைப் பார்த்திருந்தால், இவற்றின் வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். தாய்லாந்து ஈயின் முட்டையிடும் கருவியும் உறவும், இதுவும் அந்த எறும்புகளின் தலையில்தான் வளர்கிறது என்று எண்ண வைக்கின்றன. இந்த அனுமானம்தான் கண்டுபிடிப்பின் கூர்முனை. ஒரு தலைக்குள் முழு ஈ வளர வேண்டுமென்றால் தலை அதற்குத் தக்க பெரிதாக இருக்க வேண்டும். மிகச் சிறிய எறும்புகளுக்கு அவற்றின் சிறுமையே காப்பு என்று கருத இடமிருந்தது. 2 மில்லிமீட்டர் எறும்பின் தலைக்குள்ளும் அடங்கும் ஈயைக் காட்டி பிரவுன் அந்தக் காப்பு பொய் என்றார். கட்டுரைத் தலைப்பிலேயே அதைச் சொல்லியிருந்தார்.

ஆறு ஆண்டு கழித்து, 2018ல், பிரேசிலின் மனாவுஸ் அருகே அமேசான் காட்டில் கிடைத்த இன்னொரு ஈயை அவரே விவரித்தார். நீளம் 0.395 மில்லிமீட்டர். இறக்கை வெறும் எச்சமாகச் சுருங்கியிருக்க, முன்கால்கள் மட்டும் மல்யுத்த வீரனின் புஜம்போலத் திரண்டிருந்தன. எறும்பையோ கறையானையோ கவ்விப் பிடித்துத் தொற்றிக்கொள்ள அவை உதவக்கூடும். உடற்கட்டு நடிகர் ஆர்னால்ட் சுவார்ஸ்னேகரின் பெயரில் அதற்கு மெகாப்ரோபொடிஃபோரா ஆர்னால்டி என்று பெயர் வைத்தார். அது எந்தப் பேரினத்துக்குள்ளும் அடங்காததால் பேரினமே புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஊரே புதிதாக அளக்கப்பட்ட கதை.

உட்பிரிவு

இவ்வளவு நுணுக்கமாக எல்லை வரைந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்வேன். கொசுவும் ஈயினத்தின் உறவுதான், இரண்டும் ஒரே வரிசை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரு புதிர் இருந்தது. மலேரியாவைப் பரப்புவதாகச் சொல்லப்பட்ட அனோஃபிலிஸ் மாக்குலிபெனிஸ் கொசு சில வட்டாரங்களில் மொய்த்தது, ஆனால் அங்கே மலேரியா இல்லை. வேறு வட்டாரங்களில் அதே கொசு, கூடவே காய்ச்சல். கொசுவைப் பார்த்தால் எந்த வேறுபாடும் இல்லை.

இத்தாலியில் டொமினிகோ ஃபாலெரோனி என்பவர் கொசுவை விட்டுவிட்டு அதன் முட்டைகளைப் பார்த்தார். முட்டைகளின் மேல் உள்ள கோலம் கூட்டத்துக்குக் கூட்டம் வேறாக இருந்தது. 1926ல் அவர் அதை வெளியிட்டார். ஒரே நிலம் என்று நினைத்திருந்தது, உள்ளுக்குள் பல பேருக்குப் பாத்தியப்பட்ட பல நிலங்கள். சில இனங்கள் மனிதனை நாடிக் கடித்தன, சில கால்நடையோடு நின்றுகொண்டன. புதிர் அவிழ்ந்தது, எந்தக் குட்டையில் மருந்து அடிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. முட்டை ஓட்டின் மேல் ஒரு கோலத்தைக் கவனித்ததால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ.

அளக்காத நிலம்

உலகில் பெயரிடப்பட்ட ஈயினங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெயரிடப்படாதவை எவ்வளவு என்பதை அறிய, கோஸ்டா ரிக்காவின் சுர்கி என்ற இடத்தில் 4 ஹெக்டேர் மலைக்காட்டை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் ஈக்களைச் சேகரித்தார்கள். நம் கணக்கில் பத்து ஏக்கர், ஒரு நடுத்தரத் தென்னந்தோப்பு. 2018ல் வந்த முடிவு 4,332 சிற்றினங்கள். பெரும்பாலானவை பெயரில்லாதவை.

உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் ஒரே ஒரு மலேஸ் வலையில் விழுந்த ஃபோரிட் ஈக்களை, சிங்கப்பூரில் பணியாற்றிய அம்ரிதா ஸ்ரீவத்சன், ருடால்ஃப் மெயர் குழுவினர் கைக்கு அடங்கும் டி.என்.ஏ. கருவியால் பிரித்துப் பார்த்து 2019ல் வெளியிட்டார்கள். 650க்கும் மேற்பட்ட இனங்கள். சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்கா முழுவதிலுமே அதுவரை பெயரிடப்பட்டிருந்த ஃபோரிட்கள் 500ஐத் தொடவில்லை. காட்டில்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தோட்டங்களில் வலை கட்டி, எமிலி ஹார்டாப், பிரவுன், ஹென்றி டிஸ்னி மூவரும் 2015ல் 30 புதிய மெகசீலியா இனங்களை விவரித்தார்கள். அவ்வளவு பேர் வாழும் நகரத்தில், வீட்டு வாசலில்.

டி.என்.ஏ. இந்த வேலையை வேகப்படுத்தியிருக்கிறது. 2003ல் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த முறையில், ஒரு மரபணுவின் 650 எழுத்துச் சொச்சத்தை மட்டும் படித்து ஆயிரக்கணக்கான ஈக்களைச் சில நாட்களில் குவியல் குவியலாகப் பிரித்துவிடலாம். வானத்திலிருந்து படமெடுத்து வயல்களைப் பிரிப்பதைப் போன்றது அது. வரப்பு தெரியும், யாருடைய வயல் என்று தெரியாது. அதற்கு யாராவது இறங்கி நடந்து எல்லைக்கல்லைப் பார்த்து, பழைய பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். குவியல்கள் மலையாகச் சேர்கின்றன. அந்த வேலையில் பயின்ற கண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இதைப் படிக்கும் மாணவர் யாராவது, ஒரு சிறிய குடும்பத்து ஈக்களை மட்டும் எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் உட்காரத் தயாராக இருந்தால், அவருக்காகக் காலி மேசைகள் காத்திருக்கின்றன என்று மனமாரச் சொல்கிறேன்.

அப்பாவின் பத்திரத்துக்குத் திரும்புகிறேன். அதில் எங்கள் நிலத்தை அடையாளம் காட்டியது மேலத்தெருக்காரர் புஞ்சை. அவருடைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அவர் நிலத்தை அடையாளம் காட்ட எங்கள் நிலம் இருக்கும். ஐட்மனிக்குப் பக்கத்தில்தான் நானக்நிஹாலிக்கு எல்லை கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவில், வயிற்றைத் தூக்கிக்காட்டும் எறும்புகள் நம் மலைகளிலும் கிளைக்குக் கிளை கூடு கட்டியிருக்கின்றன. அந்தக் கூடுகளுக்குப் பக்கத்தில் யாராவது ஒரு வலையைக் கட்டி, புட்டியின் அடியில் தங்கும் தூசைக் கொட்டாமல் தகட்டில் ஏற்றினால், அதில் மூன்றாவது ஒரு யூரிப்ளாட்டியா இருந்தால், வேறுபாட்டுக் குறிப்பின் முதல் வரியை எழுத அவருக்கு இரண்டு பக்கத்து எல்லைகள் தயாராக இருக்கின்றன.